'சற்றே' என்றால் என்ன அர்த்தம்

கப்பலில் ஏறிய அன்று மாலையே அறிவிப்பாளரின் மகள்மீது புகார் வந்துவிட்டது. அவள் யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. மேல்தளத்தில் தண்ணீர்ச் சறுக்கும் பலூனும் ஐஸ்கிரீமும் ஆட்டமுமாக அத்தனை பேரும் அல்லோலகல்லோலப்பட்டுக் கொண்டிருந்தபோது, ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் புகார்.

புகாரை மகிழ்ச்சி அதிகாரியே நேரில் கொண்டுவந்தார். அந்தக் கப்பலில் இன்ஜினுக்கு ஒரு துறையும் சமையலுக்கு ஒரு துறையும் இருந்ததுபோல மகிழ்ச்சிக்கும் ஒரு துறை இருந்தது. மற்ற இரண்டையும் சேர்த்தாலும் அதைவிடச் சின்னதுதான். அதிகாரி, பவழ நிறக் கோட்டுப் போட்ட நடுவயதுப் பெண்மணி. பேசும்போதும் சிரித்தார், மற்றவர் பேசுவதைக் கேட்கும்போதும் சிரித்தார். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் வேறு வழியில்லாமல் உதட்டை மூடினார்.

"உங்க பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

"இல்லையே, நல்லாத்தான் இருக்கா."

"அப்புறம் ஏன் சிரிக்கல?"

"பதினஞ்சு வயசுங்க," என்றார் அறிவிப்பாளர், மருத்துவச் சான்றிதழை எடுத்து நீட்டுவதுபோல.

"இந்தக் கப்பல்ல வயசெல்லாம் ஒரு காரணம் இல்லைங்க. இங்க யாரையும் நாங்க சும்மா இருக்க விடறதில்ல. சும்மா இருந்தா யோசிப்பாங்க. யோசிச்சா கேள்வி கேப்பாங்க. கேள்வி கேக்கறவங்களுக்காகவா இவ்வளவு பெரிய கப்பலைக் கட்டி விட்டிருக்கோம்?"

அறிவிப்பாளருக்கும் அவர் மனைவிக்கும் ஏறும்போதே பச்சைப் பட்டை கட்டியிருந்தார்கள். பச்சை என்றால் மகிழ்ச்சியாக இருப்பவர். மஞ்சள் என்றால் பரவாயில்லை. மகளின் மணிக்கட்டில் அதிகாரி தன் கையாலேயே சிவப்புப் பட்டையைக் கட்டினார். அதற்கு 'கவனிப்பு தேவை' என்று பொருள். மகள் கையை நீட்டிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பாளர் என்றால் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ஊரின் பெரிய பேருந்து நிலையத்தில், கூண்டு போன்ற ஒரு அறையில், மைக்குக்கு முன்னால் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர். அவர் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் 'பயணிகளின் அன்பான கவனத்திற்கு' என்று அவர் வாயைத் திறந்தால், ஊரில் பாதிப் பேர் தங்களையறியாமல் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி போடுகிறவள் ஆனதால் அநாவசியமாகப் பேசமாட்டாள்.

கப்பல் பயணம் அவள் யோசனைதான். மகள் ஒரு வருடமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்துவந்தாள். வெளியே வரும்போது அவளிடம் மூன்று சொற்கள் இருந்தன. 'ம்', 'தெரியல', 'பரவால்ல'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம், சாப்பாடு, உடம்பு, எதிர்காலம் எல்லாவற்றையும் சமாளித்துவிட்டாள்.

"இன்னும் ரெண்டு மூணு வருஷங்க," என்றாள் மனைவி. "அப்புறம் நாம கூப்பிட்டாலும் வரமாட்டா. கப்பல்ல போலாம். கப்பல்னா நடுவுல எழுந்து போக முடியாதுல்ல."

கணக்கு சரிதான். கரை மறைந்ததும் மகளின் போன் வெறும் கண்ணாடியாகிவிட்டது. ஆனால் அவள் அதையும் பையில் போட்டுவிட்டுக் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இதை மனைவி எதிர்பார்க்கவில்லை. போனைப்போலக் கடலைப் பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாது.

சிவப்புப் பட்டைக்காரர்கள் மறுநாள் காலையிலேயே இளைஞர் மன்றத்தில் ஆஜராக வேண்டும். அது கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய அறை. உள்ளே பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பதைப் பெற்றோர் வெளியே நின்று பார்க்கலாம். மன்றத் தலைவருக்கு நாற்பதை எட்டும் வயது. தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

"என்னை எல்லாரும் அண்ணான்னுதான் கூப்பிடணும்," என்றார். "இங்க ரூல்ஸ் எதுவுமே கிடையாது. அதுதான் முதல் ரூல். ரெண்டாவது ரூல், மதியச் சாப்பாட்டுக்குள்ள ஒவ்வொருத்தரும் ஒரு ஃப்ரெண்டு பிடிச்சாகணும். நாலு மணிக்குத் திடீர் டான்ஸ். தினமும் நாலு மணிக்குத்தான். யாரும் முன்னாடியே ஆடிடாதீங்க."

மகளுக்கு ஒதுக்கப்பட்ட தோழி, ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு ஒல்லிப் பெண். அன்று முதல் அவள் பெயரே கொட்டாவி. இருவரும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இருவருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. இரண்டு சிவப்புப் பட்டைகள் பேசாமல் அருகருகே இருப்பதைப் பார்த்த அண்ணன், சண்டை என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். சமாதானம் செய்ய மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கரடி வேடத்தில் இருந்தார். கட்டிப்பிடித்துக்கொள்ளும்வரை போகமாட்டோம் என்றார்கள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அரைநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

குற்றம் பெற்றோரிடம்தான் இருக்க வேண்டும் என்று துறை முடிவுசெய்தது. அறிவிப்பாளரையும் மனைவியையும் கூப்பிட்டு, வளரும் பிள்ளைகளை மகிழ்விப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார்கள். வகுப்பின் முடிவில் காற்றடைத்த பிளாஸ்டிக் மீனை ஆளுக்கொன்றாகத் தலையில் மாட்டிவிட்டு, போய்ப் பிள்ளைகள்முன் நில்லுங்கள் என்றார்கள். மனைவி, தலைவலி என்று சொல்லி மீனைக் கழற்றிவிட்டாள். அறிவிப்பாளர் அரசு வேலை பார்த்துப் பழகியவர். சொன்னதைச் செய்தார். இளைஞர் மன்றத்தின் கண்ணாடிக்கு வெளியே, தலையில் மீனோடு, கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கண்களை மூடிக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் 'ம்' கூடச் சொல்லவில்லை. "வந்திருக்கவே வேணாமோ," என்றார் அறிவிப்பாளர், தட்டைப் பார்த்துக்கொண்டு. மனைவி அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த ஜிகினாவை எடுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும்போது, பாட்டு நின்று ஒலிபெருக்கி கனைத்தது. கப்பல் தலைவரின் குரல் வந்தது. தேனில் ஊறிய குரல்.

"அன்பான விருந்தினர்களே. உங்களுக்காக ஓர் இனிய செய்தி. கடலின் பேரழகை நீங்கள் நிதானமாக ரசிக்க வேண்டும் என்பதற்காக, நமது கப்பல் தனது வேகத்தைச் சற்றே மறுபரிசீலனை செய்துகொண்டிருக்கிறது."

கூடம் முழுவதும் கைதட்டியது. அறிவிப்பாளர் ரொட்டியை மென்றபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "நின்னுபோச்சு," என்றார்.

மகள் நிமிர்ந்தாள். "என்னது?"

"ஒண்ணுமில்ல பாப்பா."

"என்ன நின்னுபோச்சு?"

அடுத்தடுத்து இரண்டு கேள்விகள். மனைவியின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"கப்பல்தான்," என்றார் அறிவிப்பாளர்.

"எப்படிச் சொல்றீங்க?"

"'உங்களுக்காக'ன்னு ஆரம்பிச்சாங்க பாரு. அப்படின்னா அவங்களுக்கு ஏதோ ஆயிடுச்சு. 'இனிய செய்தி'ன்னா கெட்ட செய்தி. நல்ல செய்தியா இருந்தா நேரா செய்தியையே சொல்லிடுவாங்க."

"'சற்றே'ன்னா?"

"எவ்வளவு நேரம்னு அவங்களுக்கே தெரியாது."

"'மறுபரிசீலனை'?"

அறிவிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். "கீழ யாரையோ போட்டுத் திட்டிக்கிட்டிருக்காங்க."

மகள் அப்போதுதான் ஜூஸ் குடிக்க ஆரம்பித்திருந்தாள். அது மூக்கு வழியாக வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. தோள் குலுங்கிற்று. அறிவிப்பாளர் பயந்துபோய் முதுகைத் தட்டினார்.

பவழக் கோட்டு எங்கிருந்தோ பறந்து வந்தது. "சிரிச்சிட்டா," என்றார் அதிகாரி மூச்சிரைக்க, சிவப்புப் பட்டையை அவிழ்த்துப் பச்சையைக் கட்டிக்கொண்டே. "எதுக்குச் சிரிச்சா? சரியா சொல்லுங்க. நாங்க தெரிஞ்சுக்கணும். எந்த நிகழ்ச்சி?"

அறிவிப்பாளர் திருதிருவென்று விழித்தார். "ஜூஸ்," என்றாள் மனைவி.

அன்று பிற்பகல், கப்பலில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஜூஸ் கட்டாயமாக்கப்பட்டது.

சாப்பிட்டு முடித்ததும் மகள் ஒரு ஆரஞ்சுத் தோலை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரம் போனாள். தண்ணீரில் போட்டாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். "தோல் அங்கயேதாம்பா இருக்கு," என்றாள். ஒரு வருடத்தில் அவள் கண்களில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர்கள் பார்த்ததில்லை.

அதன் பிறகு அறிவிப்புகள் நிற்கவில்லை. கப்பல் நின்றதும் அறிவிப்பு ஓட ஆரம்பித்துவிட்டது என்று சொல்லலாம். மறுநாள் காலையில், 'இயற்கையின் இளஞ்சூட்டை உடலால் உணரும் விழா' தொடங்கிவைக்கப்பட்டது. அறிவிப்பாளர் மகளிடம், "ஏசி போச்சு," என்றார். மதியம் 'எளிமை உணவுத் திருநாள்' வந்தது. "ஃப்ரிட்ஜும் போச்சு." பிறகு, படிகளோடு நட்புக் கொள்வோம் என்றார்கள். லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தனிமைத் தியானத்துக்கான பதக்கம் வெளியிலிருந்தே அறிவிக்கப்பட்டது. கடைசியாக, குளிக்காமல் இருக்கும் போட்டி. ஆர்வத்தோடு பங்கெடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வராததால் எல்லோருமே கடைசிச் சுற்றுவரை முன்னேறினார்கள்.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் மகள் ஓடிவந்தாள். "அப்பா, 'புதிய அனுபவம்'னா?" "அப்பா, 'விரைவில்'னா?" முதலில் அவள் மட்டும் வந்தாள். பிறகு கொட்டாவியைக் கூட்டிவந்தாள். கொட்டாவி இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தாள். கீழ்த்தளத்தில், உயிர்காப்புப் படகின் நிழல் விழும் ஒரு இரும்புப் படிக்கட்டு இருந்தது. அறிவிப்பாளர் நடுப்படியில் உட்கார, பிள்ளைகள் மேலும் கீழும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வேர்த்துக் கொட்டியது. யாரும் எழுந்து போகவில்லை. கண்ணாடி அறையில் நாலு மணிக்கு அண்ணன் மட்டும் திடீரென்று ஆடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அண்ணனும் படிக்கட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப்போக வந்தவர், முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், எங்ககிட்ட அடிக்கடி ஒண்ணு சொல்வாங்க. 'பணியாளர்கள் நம் குடும்பம்'னு. அதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றார்.

அறிவிப்பாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "லீவு கிடையாதுன்னு அர்த்தம் தம்பி."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். தொப்பியை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பாராட்டு என்பது என்னவென்றே தெரியாமல் இருபது வருடம் மைக்கில் பேசியவருக்கு, எதிரே உட்கார்ந்து வாய் பார்க்கும் கூட்டம் தலைக்கு ஏறியது. சில அறிவிப்புகளுக்கு இல்லாத அர்த்தமெல்லாம் சேர்த்துச் சொன்னார். மனைவிக்குத் தெரிந்தது. "கப்பல்லயும் டியூட்டி பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா? பாத்துங்க," என்றாள். ஆனால் மகள் அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டாள்.

ஒரு நாள் பிள்ளைகள் போன பிறகும் மகள் படியிலேயே இருந்தாள்.

"அப்பா, நீங்களும் பஸ் ஸ்டாண்டுல இப்படித்தான் சொல்வீங்களா?"

"எப்படி?"

"இந்த மாதிரி. சற்றே. விரைவில்."

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்பவாவது."

"எப்ப?"

"மழைக்காலத்துல."

"மத்த நாள்ல?"

அவர் கடலைப் பார்த்தார். "மத்த நாள்லயும்."

மகள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. "அங்க நிக்கறவங்க நம்புவாங்களா?" என்றாள். "தெரியல," என்றார் அவர். அவளுடைய சொல்தான் கைக்குக் கிடைத்தது.

ஒலிபெருக்கியில் எது சொன்னாலும் கப்பலில் சிரிப்பு கேட்க ஆரம்பித்தது. முதலில் பிள்ளைகள், பிறகு பெற்றோர். மகிழ்ச்சித் துறை முதலில் இதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டது. எல்லோரும் சிரிக்கிறார்கள், எல்லோருக்கும் பச்சைப் பட்டை. தலைவரின் இரங்கல் செய்தி ஒன்றுக்கும் சிரிப்பு வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. கப்பல் நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் காலமாகியிருந்தார். அது ஒன்றுதான் உண்மையான செய்தி.

அறிவிப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேல்தளத்தில் கப்பல் தலைவரின் அறை. சுற்றிலும் கண்ணாடி, நடுவில் சக்கரம், மேஜைமேல் மைக். தலைவர் வெள்ளுடையில் மடிப்புக் கலையாமல் நின்றார். பக்கத்தில் பவழக் கோட்டு, அதே சிரிப்போடு.

"உங்களை நாங்க தண்டிக்கப் போறதில்ல," என்றார் தலைவர். "இந்தக் கப்பல்ல தண்டனைன்னு ஒண்ணு கிடையாது. எல்லாமே மகிழ்ச்சிதான். சிலருக்குக் கொஞ்சம் கட்டாயமா."

"சார், இன்ஜினுக்கு என்ன ஆச்சு?" என்று அறிவிப்பாளர் பணிவாகக் கேட்டார்.

"நான் அங்க போறதே இல்லைங்க. ரொம்ப சத்தமா இருக்கும்."

"இப்பச் சத்தமே இல்லையே சார்."

"அதனாலதான் இப்பவும் போகல. பாத்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கும்." தலைவர் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார். "பாருங்க, உண்மைங்கறது ஒரு சரக்கு. நல்ல சரக்குதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா சரக்கு ஏத்தறதுக்கு வேற கப்பல் இருக்கு. இது பயணிகள் கப்பல்."

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். "எங்க குரலை இப்ப யாரும் நம்பமாட்டேங்கறாங்க. உங்க குரல்னா நம்புவாங்க. நீங்கதான் அவங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தவர். இதைப் படிச்சிட்டீங்கன்னா போதும். பால்கனி வச்ச பெரிய ரூமுக்கு மாத்திடறோம். காத்து நல்லா வரும்."

தாளில் இருந்தது இது. 'அன்பான விருந்தினர்களே. உங்களுக்காக நமது கப்பல் இன்றுமுதல் நிலைத்தன்மைப் பெருவிழாவைக் கொண்டாடுகிறது. நகர்வது என்பது பழைய கருத்து.'

"படிக்கலைன்னா?"

"உங்க பொண்ணைத் தனிப்பட்ட மகிழ்ச்சிக் கவனிப்புல வைக்கணும்," என்றார் அதிகாரி அன்பாக. "ஜன்னல் இல்லாத ரூம். கவனம் சிதறாது. எங்க ஆளுங்க ஷிஃப்ட் போட்டு ஜோக் சொல்வாங்க. தானா சிரிக்கற வரைக்கும்."

கதவு திறந்தது. கரடி வேடக்காரர் ஒரு பக்கமும் அண்ணன் மறு பக்கமுமாக மகளைக் கூட்டிவந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே மனைவி வந்தாள், கரடியின் முதுகு ரோமத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. மகள் கையில் மறுபடியும் சிவப்புப் பட்டை.

மகள் மைக்கைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் என்ன தெரிந்ததோ, "படிங்கப்பா," என்றாள். "பரவால்ல. உங்க வேலைதானே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் அந்தப் 'பரவால்ல' அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஒரு வருடமாக அது கதவுக்கு உள்ளேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இப்போது படித்தால் அந்தக் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும், சத்தமில்லாமல், மரியாதையாக, இந்த முறை உள்ளே தாழ்ப்பாளும் விழும் என்று அவருக்குப் பட்டது.

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினார்.  

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு," என்றார். கப்பல் முழுவதும் அமைதியாயிற்று. அடுத்து வரவேண்டிய 'இன்னும் சற்று நேரத்தில்' நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினார். "கப்பல் நின்னுபோச்சுங்க. இன்ஜின் ஓடல. எப்ப ஓடும்னு தெரியாது. தெரிஞ்சுதுன்னா நான் வந்து சொல்றேன்."

தலைவர் ஓர் அடி முன்னால் வந்தார். அறிவிப்பாளர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே திரும்பினார். அது திட்டம் ஒன்றும் இல்லை, விரல் மரத்துப்போயிருந்தது.

"சார், இழுத்துக்கிட்டுப் போறதுக்கு வேற கப்பலைக் கூப்பிட்டிருக்கீங்கல்ல?"

"எப்படிங்க கூப்பிடறது?" என்றார் தலைவர் எரிச்சலோடு. தேன் எல்லாம் வடிந்துவிட்டது. "கூப்பிட்டா, கப்பல் நின்னுடுச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எங்க கம்பெனியில இதுவரைக்கும் ஒரு கப்பல்கூட நடுக்கடல்ல நின்னதில்ல. எழுத்துல. நாலு நாள் ஜனங்களை ஆடவச்சு ஓட்டினா தானா எங்கயாவது கரையில போய் ஒதுங்காதா? தண்ணிதானே."

"சார்," என்றார் அதிகாரி. "மைக் ஆன்ல இருக்கு."

கப்பல் முழுவதும், "மைக் ஆன்ல இருக்கு," என்று எதிரொலித்தது.

யாரும் கத்தவில்லை, கலவரம் எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படிகளில் காலடி ஓசை கேட்டது. பயணிகள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். குளியல் துண்டோடு சிலர், தலையில் பிளாஸ்டிக் மீனோடு சிலர். முன்னால் நின்ற ஒரு பாட்டு வாத்தியார் கதவைத் தட்டி, "நீங்க கூப்பிடறீங்களா, இல்ல நாங்க உள்ள வந்து கூப்பிடணுமா?" என்று மட்டும் கேட்டார். தலைவர் வானொலிக் கருவியை எடுத்தார். அதை எப்படி இயக்குவது என்று கரடி வேடக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அன்று நாலு மணிக்குத் திடீர் நடனத்தை நடத்த யாரும் வரவில்லை. அதனால் சிலர் ஆடினார்கள்.

மறுநாள் காலையில் படிக்கட்டில் அறிவிப்பாளரும் மகளும் மட்டும் இருந்தார்கள். மொழிபெயர்க்க அறிவிப்பு எதுவும் இல்லாததால் பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை. கொட்டாவி மட்டும் மேல்படியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பவழக் கோட்டு தயங்கித் தயங்கி வந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பில்லாமல் அவர் வேறு யாரோபோல இருந்தார், பரிச்சயமான யாரோ.

"சார், ஒண்ணு கேக்கணும். 'உதவிக் கப்பல் வந்துகொண்டிருக்கிறது'ன்னு ஆபீஸ்ல இருந்து எனக்குச் செய்தி வந்திருக்கு." அவர் கோட்டின் ஓரத்தைப் பிசைந்தார். "எங்களுக்கும் அவங்க இப்படித்தான் சொல்வாங்க. நானும் இத்தனை நாள் நம்பித்தான் எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். வருதா சார்?"

அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் மகள், "இன்னும் கிளம்பியிருக்காது," என்றாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா கிளம்பிடுவாங்க. 'வந்துகொண்டிருக்கிறது'ன்னா கிளம்பற எண்ணம் இருக்குன்னுதான் அர்த்தம். இல்லப்பா?"

"ஆமா பாப்பா."

அதிகாரி பெருமூச்சு விட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார். மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இழுவைக் கப்பல் அதற்கும் மறுநாள் வந்து சேர்ந்தது. மிகச் சின்னது. இவர்களுடைய தண்ணீர்ச் சறுக்கே அதைவிட உயரமாக இருந்தது. அதன் பின்பக்கம் ஒருவர் முக்காலிமேல் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில் மகிழ்ச்சித் துறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வடத்தைக் கட்டினார்கள். பெரிய கப்பல் ஒரு முறை முனகிவிட்டு, சின்னதன் பின்னால் சாதுவாகப் போயிற்று. மகள் வழியெல்லாம் கைப்பிடிச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவர் சமைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவர் கத்தியை உயர்த்தி ஆட்டினார். இவளும் கையை ஆட்டினாள்.

கரையில் கூடாரம் போட்டு, மேடை கட்டி, நிறுவனத்தின் இயக்குநர் காத்திருந்தார். கழுத்துப்பட்டை கச்சிதமாக இருந்தது. அழுக்கும் வேர்வையுமாக இறங்கிய கூட்டத்தைப் பார்த்து அவர் மைக்கை எடுத்தார்.

"எங்கள் பயணக் குடும்பத்துக்கு வாழ்த்துகள். உலகத்தில் யாருக்கும் எளிதில் கிடைக்காத ஓர் அமைதியான கடல் அனுபவத்தை உங்களுக்கு வழங்கியதில் பெருமைப்படுகிறோம். எங்கள் கப்பலுக்கு நட்புக்கரம் நீட்டிய சிறிய கப்பலுக்கும் அந்த அனுபவத்தில் பங்குண்டு. உங்கள் கருத்துகள் எங்களுக்குப் பொக்கிஷம். இந்த நினைவுகளை நீங்கள் உங்கள் நெஞ்சுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறோம்."

மகள் அப்பாவின் கையை இடித்தாள். "அந்தக் கடைசி வரி."

அறிவிப்பாளர் யோசித்தார். 'நெஞ்சுக்குள்ளேயே' என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்தது. அது அவர் துறையில் அதிகம் புழங்காத சொல்.

இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற மனைவி, மேடையைப் பார்த்தபடியே சொன்னாள்: "வெளிய யார்கிட்டயாவது வாயைத் திறந்தீங்கன்னா வக்கீல் நோட்டீஸ் வரும்னு அர்த்தம்."

அப்பாவும் மகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? நடங்க. கூட்டம் கலைஞ்சா டாக்ஸி கிடைக்காது."

அவள் போய்க்கொண்டே இருந்தாள். மகள் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள், அம்மாவின் முதுகை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல. பிறகு ஓடிப்போய், கனமான பையாகப் பார்த்து, அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை.